ஒரு நாழித் தவிடு

ஜொகூர் பாரு
3 பிப்ரவரி 2025

அண்ணன் குற்றாலநாதனுக்கு,

தவுட்டம்மா எழுதுகிறேன். ஆறு வருஷம் கழித்துக் கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதீர்கள், இங்கே யாரும் சாகவில்லை. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதையாவது கேட்டுவிட்டால் உங்களுக்கு உடனே பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அதிகமாகிவிடுகிறது. "கேக்கலம்மா, தறி ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்று நாலு தரம் சொல்லிவிட்டு மருமகள் கையில் போனைக் கொடுத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது பாருங்கள். அதனால்தான் காகிதம்.

எனக்கு அறுபத்துமூன்று முடிந்துவிட்டது. இன்னும் கையில் சிவப்பு ஐசிதான். இந்த நாட்டுக்காரர்களுக்கு நீல அட்டை, என்னை மாதிரி எந்த நாட்டிலும் சேராமல் கிடப்பவர்களுக்குச் சிவப்பு. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. என் மகள் தினமும் விடியுமுன்னே பஸ் ஏறி, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். எங்கள் பத்தாவது மாடியில் துணி காயப்போடும்போது அந்தக் கரையில் ஓடுகிற பஸ் எனக்குத் தெரிகிறது. நடுவே ஒரு கிலோமீட்டர் தண்ணீர்தான். நான் பிறந்த ஊர் அது. ரெண்டு வயதில் இந்தப் பக்கம் வந்தவள், இன்னும் ஒரு தரம்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது ஒரு வக்கீல் பெண் கிடைத்திருக்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறாள். ரெண்டு காகிதம் இருந்தால் நீல அட்டைக்கு வழி உண்டு என்கிறாள்.

ஒன்று, சிங்கப்பூரில் கொடுத்த என் பிறப்புச் சான்று. அப்பா அதை ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தார் என்று சுப்புத்தாய் அத்தை சாகிறதுக்கு முன்னே சொன்னாள். போன தடவை கேட்டபோது "கரையான் தின்னுருக்கும்" என்றீர்கள். ஒரே ஒரு தரம் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட அஃபிடவிட். சான்றில் என் பேர் சண்முகசுந்தரி, தகப்பன் வேல்சாமி. அட்டையில் தவுட்டம்மா, தகப்பன் இடத்தில் அத்தை வீட்டுக்காரர் பேச்சிராஜ். ரெண்டும் ஒரே பொம்பளைதான் என்று ரத்த உறவில் ஒருத்தர் சொல்லவேண்டுமாம். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருத்தர்தானே.

அந்த வக்கீல் பெண் சீனத்தி. என்னைத் தவிட்டுக்கு விற்ற கதையைச் சொன்னேன். "விற்றார்களா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அட பாவி, அப்படி இல்லை என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. உங்களுக்கும் எனக்கும் நடுவே பிறந்த ரெண்டும் தங்கவில்லை, எனக்கும் ஜன்னி கண்டது, அதனால் ஒரு நாழித் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை அத்தைக்கு விற்றதாகச் சொல்லி எமனை ஏமாற்றினார்கள், அஞ்சு வயது முடிந்ததும் அதே ஒரு நாழித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள், மீட்கும்வரை பிறந்த பேரைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பிறகு ஏன் மீட்கவில்லை?" என்றாள்.

அதையும் நீங்கள் எழுதவேண்டும். மீட்காத காரணம் இருந்தால்தான் பேர் ஏன் மாறாமலே கிடந்தது என்று ஆபீசர் நம்புவாராம்.

அத்தைக்குச் சூதுவாது கிடையாது. பன்னிரண்டு வயதில் என்னை ஐசி எடுக்கக் கூட்டிப்போனபோது, பேர் என்ன என்றதற்குத் தவுட்டம்மா என்றாள். எங்கே பிறந்தாள் என்றதற்குச் சிங்கப்பூர் என்றாள். அப்போது சிங்கப்பூர் வேறு நாடு. சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

தவுட்டம்மா


சங்கரன்கோவில்
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை சண்முகசுந்தரிக்கு,

அண்ணன் குற்றாலநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடியறையில் இருக்கிறேன், படியிறங்குவது மாதத்துக்கு ஒருமுறைதான். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தறிச் சத்தம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. நீ அதைக் கேலி செய்திருக்கிறாய். வந்து இருந்து பார்த்தால் தெரியும்.

நீ கேட்ட கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. முப்பத்துமூன்று வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டவன் என்ற உரிமையில் சொல்லுகிறேன்.

நீ பிறந்தபோது சிங்கப்பூர் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. அவன் கிளம்ப ஆயத்தமானான். அந்தச் சின்னத் தீவில் குடிதண்ணீர்கூடக் குழாய் வழியாக ஜொகூரிலிருந்து வரவேண்டும். வேலையில்லாத வாலிபர்கள் தெருத்தெருவாக நின்றார்கள். மலாயாவோடு சேர்ந்தால் பெரிய சந்தை கிடைக்கும், ஆலைகள் வரும் என்று தீவின் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு முதலில் விருப்பமில்லை. தீவில் சீனர்கள் அதிகம், சேர்த்தால் தங்கள் கை தாழ்ந்துவிடும் என்று யோசித்தார்கள். சேர்க்காவிட்டால் அந்தத் தீவு கம்யூனிஸ்ட் கைக்குப் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். எனவே போர்னியோவின் சபாவையும் சரவாக்கையும் கூடச் சேர்த்துச் சரிக்கட்டி, 1963 செப்டம்பர் 16இல் மலேசியா என்ற கூட்டாட்சி பிறந்தது.

இரண்டே வருஷம்தான். எல்லாரும் சமம் என்று தீவு கேட்டது. மண்ணின் மைந்தருக்குத் தனிச்சலுகை வேண்டும் என்று தலைநகர் சொன்னது. வாக்களித்த பொதுச்சந்தை வரவில்லை. வரிப்பங்கில் சண்டை, தேர்தலில் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் புகுந்த சண்டை. அறுபத்துநாலில் கலவரம், ஊரடங்கு. கடைசியில் 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்தாயிற்று. நம் ஊர்ச் சாமி பாதி சிவன், பாதி பெருமாள். ஒட்டியது ஒட்டியபடி நிற்கிறது. நாடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்பா செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். "இனிமே ஒரே நாடுதான, பாலத்தத் தாண்டுனா அக்கா வீடு" என்று நம்பித்தான் அறுபத்துநாலு தையில் உன்னை அத்தை இருந்த ரப்பர் தோட்டத்தில் விட்டார். இடையில் நாடு பிரிந்தது. உன்னை மீட்க முடியாமல் போனது. இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்பில் சொல்லுவேன். பிள்ளைகள் கண் கலங்கிவிடுவார்கள். வரலாறு என்றால் ராஜாக்கள் பெயரில்லை, அது நம் வீட்டு வாசலுக்கே வரும் என்று அவர்களுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அஃபிடவிட்டின் மாதிரியை இத்துடன் வைத்திருக்கிறேன். "1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்து எல்லை மூடப்பட்டதால் குழந்தையை மீட்க இயலவில்லை" என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். உன் வக்கீல் சரி என்றால் இங்கே நோட்டரியிடம் கையெழுத்திடுகிறேன். நோட்டரி சங்கரகணேஷ் என் மாணவன். பெட்டி பரணில் இருக்கிறது. மகன் கைலாஷுக்கு நேரம் கிடைக்கும்போது இறக்கச் சொல்லுகிறேன்.

உன் அண்ணன்,
வே. குற்றாலநாதன், தலைமையாசிரியர் (ஓய்வு)


ஜொகூர் பாரு
18 மார்ச் 2025

அண்ணனுக்கு,

பாடம் நன்றாக இருந்தது. என் பேத்தி காவியாவிடம் கொடுத்தேன். அவள் காலேஜில் இதே விஷயத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஏன் சேர்ந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்று. "பாட்டி, உங்கண்ணன் எழுதினதில் பாதியை நான் அப்படியே போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். சாமி உதாரணம் மட்டும் வேண்டாமாம். சாமி ரெண்டும் வரியில் பங்கு கேட்கவில்லை, ஓட்டுக்கு நிற்கவில்லை, அதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறாள். வாயாடி.

அப்புறம் உங்கள் அஃபிடவிட்டைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாட்டி, எல்லையை அப்ப மூடவே இல்லையே" என்றாள்.

நாடு பிரிந்த மறுநாளும் பஸ் ஓடியிருக்கிறது அண்ணா. ஜனங்கள் பாட்டுக்கு வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். அறுபத்தேழு நடுவில்தான் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்களாம். இது எனக்கே தோன்றியிருக்கவேண்டும். பேச்சிராஜ் மாமா தீபாவளிச் சாமான் வாங்க அந்தப் பக்கம் போய்வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுபது வருஷமாக "நாடு பிரிஞ்சிட்டு, நாடு பிரிஞ்சிட்டு" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் அதையே பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். இதை ஆபீசர் கையில் கொடுத்தால் சிரித்துக்கொண்டே கிழித்துப் போடுவார்.

இன்னொன்று சொல்கிறேன். நீங்கள் வந்தீர்கள். அம்மா போன மறு வருஷம், தை மாதம். அப்போது எனக்கு அஞ்சு முடிந்திருந்தது. நீலக் கால்சட்டை போட்டிருந்தீர்கள், கையில் மஞ்சள் துணி மூட்டை. வாசலில் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நீங்கள் குனிந்து என்னிடம் என்னமோ கேட்டீர்கள். நானும் என்னமோ சொன்னேன். அது என்ன என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவே மாட்டேன் என்கிறது. அடுத்து நினைவிருப்பது நீங்கள் ரெண்டு பேரும் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்ததுதான்.

வெளியே நாடு பிரிந்த கதையைச் சொன்னாலும், அப்பா என்னைப் பார்க்க வந்தார், பிடிக்கவில்லை, விட்டுவிட்டுப் போனார் என்றுதான் இத்தனை வருஷம் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். அந்த மூட்டையில் என்ன இருந்தது? மீட்க வந்தீர்களா, சும்மா வந்தீர்களா?

காவியா பாடத்தில் கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் தானாகப் போனதா, பிடித்து வெளியே தள்ளினார்களா? ரெண்டு பக்கமும் ரெண்டு விதமாகச் சொல்கிறார்களாம். அதை இன்னொரு தரம் படித்துக் காட்டச் சொன்னேன்.

தவுட்டம்மா


சங்கரன்கோவில்
10 ஏப்ரல் 2025

சண்முகசுந்தரிக்கு,

அன்புள்ள தங்கை என்று எழுத இன்று மனம் வரவில்லை. எழுபது வயதில், என் பாடத்தை ஒரு கல்லூரிப் பெண் திருத்தி, அதை நீ எனக்கு எழுதி அனுப்புகிறாய். எல்லை பற்றி நான் எழுதியது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். உன் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்பாவும் நானும் அப்படிச் சொல்லிவந்தோம்.

உண்மைதான் வேண்டும் என்றால் கேட்டுக்கொள். மீட்கத்தான் வந்தோம். அந்த மூட்டையில் ஒரு நாழித் தவிடு இருந்தது. தவிடு அளந்து கொடுத்து முடியும்வரை பெற்றவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதனால்தான் அப்பா திரும்பி நின்றார். கூடப்பிறந்தவன்தான் உள்ளே போய் "வாரியா?" என்று மூன்று தரம் கேட்கவேண்டும். நான் கேட்டேன்.

நீ வரமாட்டேன் என்றாய்.

பிள்ளை மாட்டேன் என்றுவிட்டால் அப்புறம் மீட்கக் கூடாது. அத்தையோடு பழகிவிட்டாய், சின்னப்பிள்ளை, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதை இத்தோடு நிறுத்திக்கொள். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது?

குற்றாலநாதன்


ஜொகூர் பாரு
2 மே 2025

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் கோபம் வந்தது, உங்கள்மேல் இல்லை. ரெண்டாம் நாள் அழுதேன். மூன்றாம் நாள் காவியா, "பாட்டி, அஞ்சு வயசுப் பிள்ளை பேச்சையெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டாங்களா?" என்று உங்கள் எல்லாரையும் ஏசினாள். நான்தான் அவள் வாயை அடைத்தேன். வழக்கம் அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள்?

அப்பா என்னை மீட்க வந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். தவிடு கட்டிக்கொண்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டது வெறுப்பால் இல்லை. அந்த முதுகைப் பார்த்து நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் தெரியுமா? என் கல்யாணத்தின்போது மாமா "ஒங்கப்பாவுக்கு ஒரு தாக்கல் எழுதுவமா?" என்று கேட்டார். எனக்கு அப்பா இல்லை என்று சொன்னேன். எண்பத்தெட்டில் அப்பா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. நான் தலை முழுகவில்லை அண்ணா. அத்தை எவ்வளவோ கெஞ்சினாள். விற்றவனுக்கு நான் எதற்கு முழுகவேண்டும் என்று சொல்லிவிட்டு ரப்பர் வெட்டப் போய்விட்டேன்.

நேற்றுக் காலையில் முழுகினேன். முப்பத்தேழு வருஷம் கழித்து, பத்தாவது மாடிக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. என் மகள் கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். எங்க அப்பா செத்துட்டாரு என்றேன்.

சரி, தப்பு என் வாயில் வந்ததுதான். யாரையும் குறைசொல்ல எனக்கு வழியில்லை. அஃபிடவிட்டில் அதையே எழுதுங்கள். "பிள்ளை வரமாட்டேன் என்று சொன்னதால் மீட்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆபீசர் நம்புவார், அதில் பொய் ஒன்றும் இல்லையே.

உங்களைக் கடுமையாகக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் ஏதாவது அனுப்பவா?

தவுட்டம்மா


சங்கரன்கோவில்
9 ஆகஸ்ட் 2025

சண்முகசுந்தரி,

மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். என் மருமகள் சிவப்ரியா குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "மாமா, பரீட்சப் பேப்பர் திருத்துதீங்களா?" என்று கேட்டாள்.

நேற்று முன்தினம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. தெருவில் ஆள் நகர இடமில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள் என்று, கைலாஷ் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, சங்கரகணேஷ் ஆபீசுக்குப் போனேன். கைலாஷை வெளியே இருக்கச் சொல்லிவிட்டேன். நீ சொன்ன வாசகத்தை, பிள்ளை வரமாட்டேன் என்றதால் மீட்கவில்லை என்பதை, டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். சங்கரகணேஷ் எழுந்து நின்று நாற்காலி போட்டான். படித்தான்.

"சார், இது நீங்க எட்டாப்புல சொன்ன தங்கச்சி கததான? அன்னைக்கு நான் அழுதேன் சார். வீட்டுக்குப் போயி எங்கம்மாட்டயும் சொன்னேன், அவளும் அழுதா. ஆனா அதுல பார்டர மூடிட்டாங்கன்னுல்லா சொன்னீங்க?"

"அது பிள்ளைகளுக்குச் சொன்னது" என்றேன்.

"அப்ப இதுதான் நெசமா சார்? சத்தியப் பிரமாணம் பாத்துக்கிடுங்க. நான் கேக்கணும், கேக்குதேன்."

பேனாவைத் திறந்துவிட்டேன். நீ குழாயடியில் தலை முழுகியது கண்ணுக்குள் வந்து நின்றது. பேனாவை மூடினேன். "எலே சங்கரகணேசு, அதக் கிழிச்சிரு. நான் சொல்லுதேன், நீயே எழுது" என்றேன்.

அவனிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

அம்மா செத்த பிறகு அந்த ஒற்றை அறையில் அப்பாவும் நானும்தான். சோறு பொங்குவது, துணி துவைப்பது எல்லாம் நான். அதற்கு நடுவிலும் நான் வகுப்பில் முதல். தோட்டத்துக்கு வந்த பஸ்ஸில் அப்பா சந்தோஷமாக இருந்தார். "தங்கச்சி வந்துட்டா நீ இனிமே பள்ளிக்கூடம் போவாண்டாம்லே. நான் வேலைக்குப் போனா அவள யாரு பாப்பா? ஒரு ரெண்டு மூணு வருசம் வீட்ல இரி" என்றார். அதில் எனக்கு வருத்தம் இருக்கும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் மூன்று தரம் கேட்கவில்லை. ஒரு தரம்தான் கேட்டேன். நீ "வாரேன்ணே" என்றாய். உடனே சொன்னாய், யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டு இன்னொரு கவுன் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினாய். நீ திரும்புவதற்குள் நான் வாசலுக்குப் போய், "மாட்டேங்காப்பா" என்றேன்.

"மூணு தரம் கேட்டியாலே?"

"கேட்டேன்."

அப்பா மூட்டையை அவிழ்த்து, தவிட்டை அங்கேயே ஒரு ரப்பர் மரத்தடியில் கொட்டினார். என்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன்.

சுப்புத்தாய் அத்தை அடுப்படி நிலையில் நின்றாள். நீ சொன்னதும் அவள் காதில் விழுந்தது, நான் சொன்னதும் விழுந்தது. என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சங்கரகணேஷிடமும் சொல்லவில்லை. அப்பா கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, "அவ வரமாட்டேன்னுதான சொன்னா?" என்று கேட்டார். இருபத்தோரு வருஷம் கழித்துக் கேட்டார். அப்போது நான் வாத்தியார், வீடு கட்டிவிட்டேன், எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாப்பா" என்றேன்.

உனக்கும் ஏப்ரலில் அதையேதான் எழுதினேன். நீ அதை நம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாய். அதற்கப்புறம் இந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

சங்கரகணேஷ் எல்லாவற்றையும் எழுதினான். தலை நிமிரவே இல்லை. "இங்கன போடுங்க சார், இந்தப் பக்கத்துலயும் ஒண்ணு" என்றான். முத்திரை குத்தினான். எப்போதும் தெருவரை வந்து ஆட்டோ ஏற்றிவிடுபவன், நேற்று முன்தினம் நான் கிளம்பும்போது நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அஃபிடவிட் இத்துடன் இருக்கிறது. பிறப்புச் சான்றும் இருக்கிறது. கரையான் தின்னவில்லை. முப்பத்தேழு வருஷமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், மூன்று தரம் பிளாஸ்டிக் உறை மாற்றியிருக்கிறேன். அதைக் கொடுத்தால் நீ அடுத்த கேள்வியைக் கேட்பாய் என்று தெரியும்.

இன்று அந்தத் தீவு பிரிந்த நாள். அறுபது வருஷம் ஆகிறது. வகுப்பில் இந்தத் தேதியைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவேன். எல்லாப் பழியையும் அந்தத் தேதியின்மேல் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

குற்றாலநாதன்


ஜொகூர் பாரு
16 செப்டம்பர் 2025

அண்ணே,

இனி நீ என்றுதான் எழுதுவேன். அஞ்சு வயதில் அப்படித்தானே பேசியிருப்பேன்.

இன்றைக்கு இங்கே மலேசியா நாள், லீவு. எல்லா மாடியிலும் கொடி கட்டியிருக்கிறார்கள். எங்கள் பால்கனியில் காவியா ஒன்று கட்டினாள். எனக்குச் சேராத கொடி, துணி காயப்போடுகிற இடத்தை அடைத்துக்கொண்டு ஆடுகிறது.

உன் கடிதத்தைக் காவியா சத்தமாகப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள், மிச்சத்தை நானே படித்தேன். அத்தையைப் பற்றி நீ எழுதிய நாலு வரியைக் கிழித்துத் தனியே எடுத்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். இந்த வருஷம் அப்பா கிடைத்தார், நீ போனாய். அத்தையையும் சேர்த்துப் போகவிட எனக்குத் தெம்பில்லை.

நீ செய்ததைச் சின்னப்பையன் செய்தது என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பன்னிரண்டு வயது, பள்ளிக்கூட ஆசை. அதுவரை எனக்குப் புரிகிறது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் படிப்பு நன்றாக வந்தது, ஆறாவதோடு நிறுத்தினார்கள். எனக்குப் புரியாமல் போகுமா? ஆனால் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குப் பன்னிரண்டு வயது இல்லை. ஏப்ரலில் எனக்கு எழுதியவனுக்கு எழுபது. அவர்களை நான் மன்னிக்கவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

காகிதம் ரெண்டையும் கொடுத்தாயிற்று. வக்கீல் பெண் உன் அஃபிடவிட்டைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆபீசர் வாங்கிக்கொண்டு ஒரு நம்பர் கொடுத்தார். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். ரெண்டு வருஷமாகலாம், மூன்றாகலாம், கேள்வி வந்தால் அதற்கும் மேலே ஆகலாம் என்றார். சிங்கப்பூரில் பிறந்தவள், அதுவும் அது தனியாக இருந்தபோது பிறந்தவள், பிறகு சேர்ந்தது, பிறகு பிரிந்தது, அதனால் எந்தச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பது என்று அவர்களே மேலே எழுதிக் கேட்கவேண்டுமாம். அதுவரை சிவப்பு அட்டைதான். துணி காயப்போடுவேன், பஸ்ஸைப் பார்ப்பேன்.

வெளியே வந்ததும் காவியா என் தோளில் கைபோட்டு, "இனிமே உங்களை சண்முகசுந்தரின்னே கூப்பிடட்டா பாட்டி?" என்றாள். வேண்டாம் என்றேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ "வாரேன்" என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் "மாட்டேன்" என்று சொன்னதாக எழுதினாய். அப்போது அதை நம்பினேன், இப்போது இதை நம்புகிறேன். ஆனால் இன்னமும் எனக்கு ஞாபகம் வரவில்லை அண்ணே. கண்ணை மூடினால் நீலக் கால்சட்டை வருகிறது, மூட்டை வருகிறது, உன் வாய் அசைகிறது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கவில்லை. என் பதில் உன்னிடமே இருக்கிறது. அறுபது வருஷமாக அதை நீதான் வைத்திருக்கிறாய், உறை மாற்றி மாற்றி.

என்னால் அங்கே வர முடியாது, பாஸ்போர்ட் இல்லை. உனக்கு இருக்கிறது. முழங்கால் போய்விட்டது என்பாய். போகட்டும், கைலாஷைக் கூட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வா. ஒரு நாழித் தவிடு கொண்டு வா. ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், கோழித்தீவனக் கடையில் கிடைக்கும். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள். எங்கள் பத்தாவது மாடி வாசலிலேயே நில்லு. மூன்று தரம் கேள். இந்த முறை ஒன்றைக்கூட விட்டுவிடாமல் கேள்.

நான் என்ன சொல்வேன் என்று தெரியாது. உள்ளே கவுன் எடுக்க ஓடமாட்டேன், அது மட்டும் நிச்சயம். ஆனால் நான் சொல்வது இந்தத் தடவை என் காதில் விழவேண்டும்.

அதுவரை என் பிறந்த பேரைக் கூப்பிடவோ எழுதவோ உனக்கு உரிமை இல்லை. அடுத்த கடிதத்தின் உறையில் சரியாக எழுது.

மீட்கப்படாத
தவுட்டம்மா